ஒத்த டிக்

உக்காருங்க தம்பி, இந்தச் சேரு காலியாத்தான் இருக்கு. பைய நான் மடியில வச்சுக்கிறேன். உங்க டோக்கன் என்ன நம்பரு? அறுபத்தி ஒண்ணா? எனக்கு நாப்பத்தி ஏழு. இப்பத்தான் முப்பத்தி எட்டு ஓடுது. ஆளுக்குப் பத்து நிமிசம்னு வச்சாலும் எனக்கே ஒண்ணரை மணி நேரம் ஆகும். நீங்க மத்தியானச் சாப்பாட்ட மறந்துர வேண்டியதுதான்.

உங்க போன் செட்டுக்கு என்ன கோளாறு? கீழ விழுந்து கண்ணாடி உடஞ்சிருச்சா? பேசுறது பேசுதுல்ல? பெறகென்ன. குடுத்து வச்சவரு நீங்க. கண்ணுக்குத் தெரியிற கோளாறு. கண்ணாடிய மாத்துனா சரியாப் போகும். என் கோளாறு கண்ணுக்குத் தெரியாத கோளாறு. நாலாவது தடவையா வர்றேன். கவுன்டர்ல அந்தச் சந்தனப்பொட்டு வச்ச பொண்ணு, என்னையப் பாத்ததும் கம்ப்யூட்டருக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிருச்சு பாத்தீங்களா? தப்பான பொண்ணு இல்ல. பாவம், அதுக்கும் கண்டுபிடிக்கத் தெரியல.

இந்தா பாருங்க. மெசேஜ் போட்டா ஒத்த டிக்குதான் விழுகுது. ரெண்டாவது டிக்கு விழுக மாட்டேங்குது. எல்லா நம்பருக்கும் அப்படி இல்ல. ஒரே ஒரு நம்பருக்குத்தான். என் மக நம்பருக்கு.

மத்த எல்லாருக்கும் போகுது. காலையில ஒரு குட்மார்னிங் போட்டா நூத்தி நாப்பத்தி மூணு பேருக்குப் போகுது. துபாயில இருக்குற பங்காளிக்குப் போகுது. மக திருப்பூர்ல இருக்கா. திருப்பூரு துபாய விடவா தூரம்? நீங்களே சொல்லுங்க.

என் பேரு தனுஷ்கோடி. திருமங்கலம். இ.பி.யில அசெஸ்ஸரா இருந்து ரிட்டயர் ஆனவன். அசெஸ்ஸர்னா ஒண்ணுமில்ல, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா உங்க வீட்டுக்கு வந்து மீட்டரப் பாத்து அட்டையில எழுதிட்டுப் போவாங்கள்ல, அந்த ஆளு. முப்பத்தொரு வருசம். நாய் கடி மூணு தடவ, குளவி கொட்டுனது கணக்கே இல்ல. ஆனா ஒரு ரீடிங் தப்பா எழுதுனேன்னு ஒரு பய சொல்ல முடியாது. மீட்டரப் பாத்தா அந்த வீட்ட எனக்குத் தெரியும். எந்த வீட்டுல புதுசா ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கான், எந்த வீட்டுல ஆளு ஊருக்குப் போயிருக்கு, அம்புட்டும் சொல்லிருவேன். கேக்கணும்னு அவசியமே இல்ல. பாத்தாப் போதும்.

வீடு பூட்டியிருந்தா என்ன செய்வோம் தெரியுமா? 'டோர் லாக்'னு எழுதிட்டுப் போயிருவோம். ஆனா சில வீடு வெளிய பூட்டுத் தொங்கும், உள்ள ஆள் இருக்கும். ரீடிங் கூடப் போயிருக்கும், பயந்துக்கிட்டு பின்வாசல் வழியா உள்ள போயி உக்காந்துக்குவாங்க. மீட்டரு வெளியில தான இருக்கு? நான் மீட்டரப் பாப்பேன். அந்தக் காலத்து மீட்டர்னா சக்கரம் சுத்தும். இப்ப உள்ளதுல சிவப்பு லைட்டு மினுக்கும். வெரசா மினுக்குனா உள்ள என்னமோ ஓடுதுன்னு அர்த்தம். "அம்மா, உள்ள ஆள் இருக்கு, வெளிய வாங்க"ன்னு கூப்பிட்டா சிரிச்சுக்கிட்டே வந்துருவாங்க. மனுசன் பொய் சொல்லுவான். மீட்டரு சொல்லாது.

இந்தப் போனும் அப்படித்தான்னு நெனச்சேன் தம்பி.

மொதல்ல எனக்கு இந்தத் தேய்க்கிற போனே பிடிக்காது. பட்டன் போன்தான் வச்சிருந்தேன். அனுதான் மொத மாசச் சம்பளத்துல வாங்கிட்டு வந்தா. அனுசுயான்னு பேரு, ஒத்தப் புள்ள, சென்னையில வேலைக்குச் சேந்திருந்தா. எங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு வாங்கியாந்தா. எங்க வீட்டம்மா இந்திராணி அத வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டா, எனக்குப் பட்டனே போதும்னு. பட்டிக்காடு. நான்தான் கத்துக்கிட்டேன். என் விரல் ரேகைய இது எடுக்காது, முப்பது வருசம் மீட்டர்ப் பெட்டிய நோண்டுனதுல ரேகை தேஞ்சு போச்சு. "ரேகை இல்லாட்டி என்னப்பா, மூஞ்சிய வச்சுத் தெறக்கும்"னு அவதான் போட்டுக் குடுத்தா. இப்பக்கூட பாருங்க, தூக்குனா தெறக்குது. அவ செஞ்சு வச்சது.

அவ பஸ்சுல சென்னைக்குப் போறப்பல்லாம் இந்திராணி தூங்க மாட்டா. அதுக்கு அனுவே ஒரு வழி சொன்னா. மேப்புல ஒரு புள்ளி தெரியிற மாதிரி செஞ்சா. புள்ளி நகண்டா அவ போறான்னு அர்த்தம். ஒரு ராத்திரிக்கு மட்டும் போட்டுவிட்டா. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. விழுப்புரம், திண்டிவனம், தாம்பரம்னு பாத்துக்கிட்டே இருந்தேன், ஏதோ நானே அவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி. அடுத்த தடவ ஊருக்கு வந்தப்ப, அவ குளிக்கப் போன நேரத்துல, அவ போன எடுத்து எப்பவும் தெரியிற மாதிரி நானே போட்டு விட்டுட்டேன். யூட்டியூப்ல பாத்துக் கத்துக்கிட்டது. தப்பா? பெத்தவன் தான பாக்குறேன், ஊரானா பாக்குறான்?

சொல்லல. எதுக்குச் சொல்லணும்? மீட்டர் ரீடிங் எடுக்குறவன் எடுக்குறேன் எடுக்குறேன்னு சொல்லிக்கிட்டா எடுப்பான்.

நோட்டுல எழுதி வச்சுக்குவேன். காலையில எத்தன மணிக்கு ஆபீசு, எத்தன மணிக்கு ரூமு. கடைசியா எப்ப வாட்ஸப் பாத்தா. ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தா காலையில கூப்பிட்டு, "ஏன் தாயி, தூக்கம் வரலையா"ன்னு கேப்பேன். "எப்படிப்பா தெரியும்"னு கேப்பா. "அப்பனுக்குத் தெரியாதா"ன்னு சொல்லுவேன். சிரிப்பா. அப்ப சிரிச்சாத்தான்.

கல்யாணம் முடிச்சுக் குடுத்தோம். மாப்ள லோகநாதன், திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சன்டைசரு. தங்கமான பையன். சம்பந்தியம்மாவும் நல்ல மாதிரி. அவுகளையும் நான்தான் எங்க குலசாமி வாட்ஸப் குரூப்ல சேத்தேன். பங்காளி, மாமன் மச்சான், கொண்டான் குடுத்தான், எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சது நான் ஒருத்தன்தான். இன்னைக்கு அந்தக் குரூப்புல ஒரு சாவு, ஒரு சடங்குன்னா அஞ்சு நிமிசத்துல சேதி போயிரும். முன்னாடியெல்லாம் ஆள் விட்டு அனுப்பணும்.

போன வருசம் பங்குனி மாசம். புள்ளி ஒரு ஆஸ்பத்திரில நின்னுச்சு தம்பி. காலையில ஒம்பதரைக்கு. பெரிசு பண்ணிப் பாத்தேன். பிரசவ ஆஸ்பத்திரி. ஒரு நாள்னா யாரையாச்சும் பாக்கப் போயிருப்பான்னு விட்டுருக்கலாம். ஆறு நாள் கழிச்சுத் திரும்பியும் அங்க. பக்கத்துலயே ஸ்கேன் எடுக்குற எடம், அங்க முக்கா மணி நேரம். ரெண்டு ரீடிங் ஒண்ணா விழுந்தா பெறகு சந்தேகம் எதுக்கு? பத்து வருசமா... இல்ல, கல்யாணமாகி ரெண்டு வருசம்தான் ஆச்சு, எனக்குப் பத்து வருசம் காத்துக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு. இந்திராணிகிட்டக்கூடச் சொல்லல. நேரா குரூப்ல போட்டுட்டேன்.

என்ன போட்டேன்னா, குத்துவிளக்குப் படம் ஒண்ணு வச்சு, "எங்கள் இல்லத்தில் ஐப்பசியில் புதுவரவு. அனைவரும் ஆசீர்வதிக்கவும். இப்படிக்கு, தாத்தா தனுஷ்கோடி." மாசத்த நானே கணக்குப் போட்டுக்கிட்டேன். சரசரன்னு வாழ்த்து. அன்னைக்கு மட்டும் நூறுக்கு மேல. துபாய் பங்காளி குழந்தை உருளுற மாதிரி படம் போட்டான். நானே மொத ஆளா கண்டுபிடிச்சேன்னு ஒரு பெருமை, இல்லைங்கல.

இந்திராணி தெரிஞ்சுக்கிட்டு என்னைய ஒரு பார்வ பாத்தா. "மூணு மாசம் முடியாம யாராச்சும் வெளிய சொல்லுவாங்களா? அவ புருசனுக்கே சொல்லியிருக்காளோ என்னமோ"ன்னா. அதெல்லாம் பொம்பளைக சம்பிரதாயம். எனக்கு என்ன தெரியும்? யாராச்சும் எங்கிட்ட சொல்லியிருந்தாத்தான தெரியும்.

சம்பந்தியம்மா குரூப்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்களாம். ஊரு பூராம் தெரிஞ்ச பெறகு மாமியாருக்குத் தெரியணுமான்னு ஏதோ கேட்டுட்டாங்க போல. அனு எங்கிட்ட ஒண்ணும் சண்ட போடல. பேசல, அம்புட்டுத்தான். நான் குரூப்ல போட்ட பதினோராம் நாள் அது தங்கல தம்பி.

தங்கல.

அதுக்கு நான் என்ன செய்வேன்? நான் போட்ட மெசேஜாலயா கலைஞ்சுச்சு? டாக்டரே சொல்லிட்டாராம், பத்துல ரெண்டு அப்படி ஆகத்தான் செய்யும்னு. ஆனா வாழ்த்து நிக்கல. குரூப்புல லேட்டாப் பாக்குறவன் லேட்டா வாழ்த்துவான்ல. ஒவ்வொருத்தனா வந்துக்கிட்டே இருந்தான். அனுவுக்குத் தனியாவும் போட்டிருக்காங்க. எத்தனாவது மாசம், மசக்கை எப்படி இருக்கு, புளிப்புச் சாப்பிடுறியான்னு. ஒவ்வொருத்தருக்கா அவ பதில் எழுதணும். எழுதுனாளோ என்னமோ. நான் குரூப்ல, 'அந்தச் சேதியை விட்டுவிடவும்'னு ஒண்ணு போட்டேன். அதுக்கும் ரெண்டு பேரு கும்புடு போட்டாங்க. ஐப்பசி மாசம் துபாய் பங்காளி கேக்குறான், 'என்ன பேரு வச்சிருக்கீங்க'ன்னு. அவனத் திட்டித் தீத்துட்டேன். அறிவு கெட்டவன். ஒரு விசயத்த விசாரிக்காமப் பேசலாமா?

அது தங்காமப் போன கையோட அனு ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனா. அதான் கடைசி. பதினோரு செகண்டு. போட்டுக் காட்ட மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. "அப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா." அம்புட்டுத்தான் பேச்சு. நாலு செகண்டுல முடிஞ்சிருது. மிச்சம் ஏழு செகண்டும் ஃபேன் சத்தம். கிரக் கிரக்னு. பேரிங் போயிருக்கு அந்த ஃபேனுக்கு. மாத்தச் சொல்லணும், மாத்தலேன்னா காயில் போயிரும். அதக்கூட எழுதிப் போட்டேன். ஒத்த டிக்கு.

அன்னையிலயிருந்துதான் இந்தக் கோளாறு. மேப்புல புள்ளியும் அந்த வாரமே காணாமப் போச்சு. அவ போட்டோவும் போச்சு, வெறும் சாம்பல் கலர் பொம்மை தெரியுது. கூப்பிட்டா ஒரு முழு ரிங் போகாது, கட் ஆயிரும். நாலும் ஒண்ணா நின்னா என்ன அர்த்தம்? செட்டுக்குள்ள ஏதோ ஒரு எடத்துல ஃபால்ட்டு. ஒரு தெருவுல நாலு வீடு ஒண்ணா இருட்டானா, நாலு வீட்டுலயா போய்ப் பாப்போம்? ஃபியூஸ் கேரியரப் பாப்போம்.

புதுச் சிம்மு போட்டுப் பாத்தேன். போச்சு. ரிங் போச்சு, எடுத்தா. "அனு"ன்னேன். கட் ஆயிருச்சு. டவரு இல்லாத எடத்துல நின்னிருப்பா. பெறகு அந்தச் சிம்முலயும் போகல. அப்ப என்ன தெரியுது? சிம்மு இல்ல, செட்டுதான்.

இப்பப் புதுசா ஒண்ணு வந்திருக்கே, எதக் கேட்டாலும் பதில் சொல்லுமே, அதுகிட்டயும் கேட்டேன். ஏ.ஐ.யாம், பக்கத்து வீட்டு வாத்தியார் போன்ல ஏத்திக் குடுத்தாரு. நல்லாத் தமிழ் பேசுது. சக்கர நோய்க்கு என்ன சாப்பிடலாம்னு கேட்டேன், ஒழுங்காச் சொல்லுச்சு. சரி விவரமான ஆளுதான்னு, இதையும் கேட்டேன். அது சொல்லுது, "உங்கள் மகள் உங்களை பிளாக் செய்திருக்கலாம். அவருக்குச் சற்று இடைவெளி கொடுங்கள்." நேத்துப் பெஞ்ச மழைக்கு இன்னைக்கு மொளச்ச காளான், எங்க குடும்பத்தப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? அவளத் தோள்ல தூக்கிட்டு அழகர் பாக்கப் போனவன் நான். அத அப்பவே போன்லயிருந்து அழிச்சுட்டேன். இந்தக் கவுன்டர்ப் பொண்ணும் மொத தடவையே அதே வார்த்தையத்தான் இழுத்துச்சு, "சார், ஒருவேள அவங்க..."ன்னு. "நீ செட்டப் பாரு தாயி"ன்னுட்டேன்.

நேர்ல போகலையான்னு கேக்குறீங்களா? போனேனே. போகாம இருப்பேனா? வைகாசில போனேன், அது தங்காமப் போன ரெண்டாம் மாசம். வீடு பூட்டியிருந்துச்சு. கேட்டுக்குள்ள அவ ஸ்கூட்டி நிக்குது. அரை மணி நேரம் நின்னேன். பழக்கதோசம், மீட்டரப் பாத்தேன். சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்குது. மோட்டாரோ, கிரைண்டரோ. நான் பெல்ல அடிக்கவும் கொஞ்ச நேரத்துல மினுக்குறது மெதுவாச்சு. ஏ.சி.யப் போட்டுட்டு மறந்து வெளிய போயிருப்பாங்கன்னு நெனச்சேன். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குக் கரண்டோட அருமை தெரியாது. கொண்டுபோன மாம்பழத்தக் கேட்டுல மாட்டிட்டு வந்துட்டேன். நோட்டுல 'டோர் லாக்'னு எழுதி வச்சேன்.

இதுல பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? இந்திராணியோட பட்டன் போன்ல போகுது. ஆயிரம் ரூபா செட்டு. தெனம் சாயங்காலம் மாடிக்குப் போயிப் பேசிட்டு வர்றா. இத்தாம் பெரிய செட்டுல போகல, அந்த ஓட்டச் செட்டுல போகுது. "குடு, ஒரு நிமிசம் நான் பேசுறேன்"னு கேட்டா, "உங்க போன சரி பண்ணிட்டுப் பேசுங்க"ன்னா. நல்லாத்தான சொல்றா? அதத்தான் நானும் செய்யிறேன்.

இப்ப அவளும் ஊர்ல இல்ல தம்பி. ஒம்பது நாள் ஆச்சு. ஒட்டன்சத்திரத்துல அவ அக்காவுக்கு முட்டி ஆபரேசன், கூட இருக்கணும்னு கெளம்புனா. இவளுக்கு அக்கா மேல எப்பவும் பாசம் ஜாஸ்தி. மாசி மாசமும் அக்கா பேத்தி சடங்குன்னு போனா. அஞ்சு வகைச் சோறு கிண்டித் தூக்கிக்கிட்டு, கண்ணாடி வளையல் ரெண்டு டஜன் வாங்கிக்கிட்டு. சடங்குக்கு எதுக்கு இம்புட்டு வளையல்னேன். "இருக்குறவங்க போட்டுக்குவாங்க"ன்னா. நானும் வர்றேன்னதுக்கு, பொம்பளைக மட்டும்தான்னுட்டா. இந்தத் தடவ என் பழைய மல்லுவேட்டி நாலையும் தொவச்சு, கிழிச்சு, மடிச்சுப் பைக்குள்ள வச்சா. முட்டிக்குக் கட்டவாம். வசம்பு எடுத்தா, சுக்கு எடுத்தா, பூண்டு உரிச்சு ஒரு டப்பா நெறைய எடுத்தா. முட்டி வலிக்கு வசம்பு கேக்குமாம். எனக்கு வைத்தியமெல்லாம் தெரியாது. போனதுலயிருந்து நான் கூப்பிட்டா, "சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளா, வச்சிறவா"ன்னு மூணு வார்த்த. பின்னாடி ஒரே சத்தம்.

ஒத்தையில இருக்க முடியல தம்பி. சோறு வடிச்சா அப்படியே இருக்கு. பைத்தியம் பிடிச்சிரும்னு பயமா இருக்கு. ஒண்ணே கால் வருசம். ஒரு புள்ளய வச்சிருக்கேன், அது குரலக் கேட்டு ஒண்ணே கால் வருசம். அந்தப் பதினோரு செகண்ட எத்தன தடவ கேப்பேன்? நோட்டத் தெறந்தா எழுத ஒண்ணும் இல்ல. ஒத்த டிக்கு, ஒத்த டிக்குன்னு எழுதுறேன்.

நேத்து ஒரு மெசேஜ் எழுதுனேன். அழிச்சு அழிச்சு எழுதுனேன். "அனு, அப்பா தப்புப் பண்ணிட்டேன். உங்கிட்டக் கேட்டிருக்கணும்." அம்புட்டுத்தான். தப்புன்னு நான் நெனைக்கல, அது வேற விசயம், ஆனா எழுதிட்டேன். இது ஒண்ணு மட்டும் போயிட்டாப் போதும். அவ பாத்தா மனசு எறங்கிருவா, எனக்குத் தெரியும். இது ஒண்ணு போகணும் தம்பி. அதுக்குத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

இந்தா, இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டேன். செட்ட முழுசா அழிச்சு, புதுச் செட்டு மாதிரி ஆக்கித் தருவாங்களாம். உள்ள இருக்குறது பூராம் போயிரும். அந்தப் பதினோரு செகண்டும் போயிரும். அத மட்டும் எடுத்து வைக்க முடியாதான்னு கேட்டேன். மெயில் பாஸ்வேர்டு இருந்தா முடியுமாம். அத அனுதான் போட்டா, அவளுக்குத்தான் தெரியும். "யாருக்காச்சும் ஃபார்வேர்டு பண்ணி வச்சுக்கங்க சார்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. யாருக்கு அனுப்ப? அது ஒண்ண மட்டும்தான் நான் இதுவரைக்கும் யாருக்கும் அனுப்பல.

போனாப் போகட்டும். பழைய குரல வச்சுக்கிட்டு என்ன செய்ய? புதுக் குரல் வேணும்ல.

தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? தெரிஞ்சவங்ககிட்டக் கேக்க முடியல. சொந்த மக நம்பருக்கு உன் போன்ல போகலையான்னு கேட்டா நான் எங்க மூஞ்சிய வச்சுக்குவேன்? நீங்க யாரோ, நான் யாரோ. உங்க செட்டுலயிருந்து ஒரு கால். போகுதா இல்லையான்னு மட்டும் பாப்போம். ரிப்பேருக்கும் அது உதவும்ல? யாருன்னு கேட்டா ராங் நம்பர்னு வச்சிருங்க. நான் பேச மாட்டேன். சத்தியமாப் பேச மாட்டேன்.

நம்பரு சொல்றேன், அடிங்க. மனப்பாடம்தான். ஒம்பது, நாலு, நாலு, மூணு... ம். ஆமா, கடைசில ரெண்டு ஆறு.

ஸ்பீக்கர்ல போடாதீங்க. இல்ல, போடுங்க. சத்தத்தக் கொறச்சுப் போடுங்க.

போகுது. ரிங் போகுது தம்பி. முழு ரிங்கு போகுது.

...

வச்சுட்டீங்களா? நல்லது. நல்லதாப் போச்சு. நான் கையக் காட்டுனதும் வச்சீங்க பாருங்க, ரொம்ப நல்லது.

"ஹலோ, யாருங்க"ன்னா. கேட்டீங்கள்ல? அவதான். அனுதான். நல்லாத்தான் இருக்கா. கொஞ்சம் அலுப்பாப் பேசுறா. நீங்க ராங் நம்பர்னதுக்கு, "பரவால்லைங்க"ன்னா. யாரோ ஒருத்தருக்குப் பரவால்லைங்கன்னு சொல்றா.

பின்னாடி அழுதுச்சே, அதக் கேட்டீங்களா தம்பி? டி.வி. இல்லையே? டி.வி.ல அப்படி அழுகாது. அது... பச்ச மண்ணு அழுகுறது. தொண்டையே இன்னும் தெறக்காத அழுக. "போன வையி தாயி, பசிக்கு அழுகுது, தூக்கு"ன்னு ஒரு கொரல் கேட்டுச்சுல்ல, அது யாருங்கிறீங்க? இந்திராணி. முப்பது வருசம் கேட்ட கொரலு. ஒட்டன்சத்திரத்துல இருக்குறா.

அந்த ஃபேனுக்கு இன்னும் பேரிங் மாத்தல.

கொஞ்சம் தண்ணி இருக்கா தம்பி? குடுங்க.

மல்லுவேட்டி. பழைய துணிதான மெத்துன்னு இருக்கும், புள்ள மேலுக்கு உறுத்தாது. வசம்பு. பூண்டு. ரெண்டு டஜன் வளையல். அம்புட்டும் என் கண்ணு முன்னாடிதான் பைக்குள்ள போச்சு. முப்பத்தொரு வருசம் ஒரு ரீடிங் தப்பா எழுதாதவன் நான். தலைப்பிரசவம் தாய் வீட்டுல நடக்கணும் தம்பி. அதான் முறை. அவளுக்கும் அது தெரியும். எங்க வீட்டுல, அவ படுத்த கட்டில்ல, அந்தப் புள்ள அழுதிருக்கணும். என்னால அது நடக்கல. நான் அங்க இருக்கேன்னுதான் அது அங்க வரல.

உள்ள ஆள் இருக்கு தம்பி. அன்னைக்கும் உள்ள ஆள் இருந்துச்சு. மீட்டரு சொல்லுச்சு, நான்தான் வேற எழுதிட்டேன்.

ஆணா பொண்ணா? அழுகைய வச்சுச் சொல்ல முடியுமா? கொஞ்சம் கனமா இருந்துச்சு, ஆம்பளப் புள்ளையா... வேணாம். வேணாம். நான் கண்டுபிடிக்கக் கூடாது. அவ சொல்லணும். அவளா என்னைக்குச் சொல்றாளோ அன்னைக்குத் தெரிஞ்சாப் போதும். நான் திருப்பூருக்குப் போக மாட்டேன். நீங்க இப்படிப் பாக்காதீங்க. போக மாட்டேன்.

என்னது? நாப்பத்தி ஏழா? அதுக்குள்ள வந்துருச்சா? மாடியில இன்னொரு கவுன்டர் தெறந்திருப்பாங்க. இல்ல தாயி, வேணாம். நான் வரல. செட்டு நல்லாத்தான் இருக்கு. ஆமா, சரியாப் போச்சு. இந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுரு. அடுத்த ஆளக் கூப்பிடு.

நான் கெளம்புறேன் தம்பி. ஒரு உதவி. உங்க போன்ல அந்த நம்பரு விழுந்திருக்கும், அத அழிச்சிருங்க. என் கண்ணு முன்னாடியே அழிச்சிருங்க. நானே திரும்பி வந்து கால்ல விழுந்து கேட்டாலும் உங்ககிட்ட இருக்கக் கூடாது. அழிச்சாச்சா? நல்லா இருப்பீங்க.

இன்னொண்ணு. புள்ள பொறந்த சேதிய யார்ட்டயும் சொல்லிராதீங்க. எனக்கே இன்னும் யாரும் சொல்லல.